சம்பந்திக்குச் சொதி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கல்லடியில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் வைத்து, என் சம்பந்தி போத்தல் உடைத்தார்.

படலை அகலத் திறந்து கிடந்தது. தெருவில் சனம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தி போத்தலை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, தக்கையை இழுத்தபடி, போகிற வருகிற எல்லாருக்கும் தலையாட்டி வணக்கம் சொன்னார். பயணத்துக்கு முன் அவர் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல் அது ஒன்றுதான்.

உள்ளே வைத்துத் திறக்கலாமே என்று மகளைக் கொண்டு கேட்டுப் பார்த்தேன். நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டுமாம். மதியச் சாப்பாட்டுக்கு ஊற்றுகிற வைனைக் காலையிலேயே திறந்து ஆறு மணி நேரம் காற்றுப்பட விடவேண்டுமாம். என் கணவர் மாதத்தில் இரண்டு மூன்று தரம் பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிற சாராயத்துக்கே எங்கள் வீட்டில் சளி மருந்து என்றுதான் பெயர். முப்பது வருஷம் மனையியல் படிப்பித்து நான் சேர்த்த மரியாதை, அந்தத் தக்கை கழன்ற சத்தத்தோடு தெருவுக்குப் போய்விட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் நியமனக் கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், உங்கள் மகளைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தார். வெட்கம்தான் காரணம். சம்பந்திக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் இந்த வாரம் எழுதுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் யாரும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடவேண்டாம்.

மேல்மாடி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் கணவர் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் என் வீட்டுக்கு வந்தவர். இன்றைக்கும் கோபம் வந்தால் அந்தச் சைக்கிளைத்தான் துடைப்பார், புறப்படப் போகிறவர் மாதிரி.

அதே முறைப்படி என் ஒரே மகள் தாரணிக்காக மேல்மாடி கட்டினேன். இரண்டு அறை, வாவியைப் பார்த்து ஒரு பல்கனி, குளியலறைக்கு நீலத் தரை ஓடு. ஓடு பிடிக்காவிட்டால் மாற்றலாம் என்று அவளுக்குப் படம் அனுப்பினேன். அவள் அப்போது பிரான்சில் படித்துக்கொண்டிருந்தாள். ஓடு வடிவாக இருக்கிறது என்று பதில் வந்தது. அதே பதிலின் அடியில், தான் ஒருவரை விரும்புவதாகவும், அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருப்பதாகவும், அவரால் அந்தத் தோட்டத்தை விட்டு எங்கேயும் வரமுடியாது என்றும் இருந்தது.

என் கணவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை போகம் எடுப்பார்கள் என்பது. அவருக்குக் கிரான் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஒரு போகம்தான் என்று தெரிந்ததும், பாவம் என்றார். அத்தோடு அவர் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார். நான் சம்மதிக்கவில்லை. வெள்ளைக்காரன் என்பதைக் கூட விழுங்கியிருப்பேன். பெண்ணைக் கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்திருக்கப் போகிறவனை எப்படி விழுங்குவது?

வாயால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் மகள் அழுவாள், கணவர் சைக்கிள் துடைப்பார். அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். கல்யாணத்துக்குப் போக விசா விண்ணப்பம் நிரப்பினோம். கணவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கொழும்பில் உள்ள தெரிந்தவர் மூலம் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அலுமாரியில் பட்டுச் சாரிகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து, மறுத்துவிட்டார்கள் என்று எல்லாருக்கும் சொன்னேன். எங்கள் நாட்டுக்காரருக்கு விசா மறுத்தார்கள் என்றால் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை.

தாரணி தொலைபேசியில் அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை பொய்யில்லை, அதையும் எழுதிவிடவேண்டும்.

பழுதாய்ப் போன போத்தல்

நீங்கள் வரமுடியாவிட்டால் நாங்கள் வருகிறோம் என்றார் சம்பந்தி. பெயர் லூசியன். மனைவி இறந்து பல வருஷம். பிரான்சின் கிழக்கில் ஜூரா என்ற மலைப்பக்கத்தில் சின்னக் கிராமம். மகனைத் தோட்டத்துக்குக் காவலாக விட்டுவிட்டு, மருமகளோடு வருவதாகத் திட்டம்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை என்றாள் தாரணி. மகன் பிறந்த வருஷத்து வைனில் ஒரு போத்தல் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். கல்யாணத்தன்று பெண்ணின் தாய் தகப்பனோடு திறக்க வைத்திருந்ததாம். நாங்கள் போகாததால் திறக்கவில்லை. அதை எங்கள் மேசையில், எங்கள் சாப்பாட்டோடு திறக்கவேண்டும். எந்தக் கறி பொருந்தும் என்று நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும், மனையியல் டீச்சர் என்பதால். பழகிப் பார்க்க, பாரிஸிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் அதே வைனில் இளைய போத்தல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

எங்களுக்குத் தெரிந்த வைன், நத்தார் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக்கோடு வருகிற வைன்தான். சிவப்பாக, இருமல் பாணி மாதிரி இனிப்பாக இருக்கும். இது மஞ்சளாக இருந்தது. போத்தலும் குட்டையாக, தோள் அகன்று, ஒரு கணக்கில்லாமல் இருந்தது. கணவர் ஒரு வாய் குடித்தார். வேலைக்காலத்தில் மேலதிகாரி பகிடி சொல்லும்போது வைத்திருந்த முகத்தை வைத்துக்கொண்டு விழுங்கினார்.

பழுதாகிவிட்டது என்றார். வெயிலில் வந்த போத்தல், விமானத்தில் குலுங்கியிருக்கும். நானும் முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அன்றைக்கு இரவே தாரணி அழைப்பெடுத்துக் கேட்டபோது, அருமை, அப்பா இரண்டு கிளாஸ் குடித்தார் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய் சொல்லிப் பழகின வாய்க்கு இரண்டாவதைச் சொல்ல அதிக நேரம் எடுக்காது.

பிறகு தெரிந்துகொண்டேன், அந்த வைன் அப்படித்தான் இருக்குமாம். பீப்பாயில் ஊற்றி ஆறு வருஷத்துக்கு மேல் தொடமாட்டார்களாம். உள்ளே வற்றிக் குறைந்தாலும் நிரப்பமாட்டார்கள். மேலே பால் மாதிரி ஒரு ஆடை படியும், அதன் அடியில் கிடந்து அது தன்பாட்டில் மாறும். வேறு எந்த ஊரில் செய்தாலும் இதைப் பழுது என்றுதான் கவிழ்ப்பார்கள் என்று சம்பந்தியே பின்னொரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். இதை முதலே சொல்லியிருந்தால் எங்கள் வீட்டுத் தொட்டி இரண்டு கிளாஸ் குடித்திருக்காது.

கைக்குட்டை

தொட்டியில் கவிழ்க்கும்போது கையில் சிந்தியதைக் கைக்குட்டையால் துடைத்தேன். அதற்குமேல் ஊற்ற மனம் வரவில்லை, வீண்செலவு கூடாது என்று பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் எழுதிப் போட்டவள். மூடி வைத்துவிட்டேன். அடுத்த நாள் அதே கைக்குட்டையோடு காத்தான்குடிக்குப் போனேன், தூள் அரைக்க.

நண்டுக் கறிக்குத்தான் அந்தத் தூள். சம்பந்தி சாப்பாட்டுக்கு வாவி நண்டு என்று என் மனதில் எப்போதோ முடிவாகிவிட்டது. மிளகும் புளியும் தூக்கலாகப் போட்டு, ஒருமுறை சாப்பிட்டவர் விரல் மணத்தை இரண்டு நாளைக்கு மறக்கக்கூடாது. மகளைக் கொடுத்த வீடு எப்பேர்ப்பட்ட வீடு என்று அந்த நண்டு பிரெஞ்சுக்காரருக்குச் சொல்லவேண்டும்.

அரைக்கும் மில் ஹனிபா நானாவுடையது. நாள் முழுக்க மிளகாய்த் தூளுக்குள் நிற்கிற மனிதர், ஆனால் மூக்கு அபார மூக்கு. பையைத் திறக்காமலே மல்லி பழசு என்பார். அன்றைக்குப் புழுக்கம். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

“டீச்சர், வெந்தயத்தக் கூடுதலா வறுத்துட்டீங்க போல” என்றார்.

வெந்தயமே கொண்டுவரவில்லை என்றேன். அவர் சாக்கு, பை எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் என் கையைக் காட்டினார். அதில்தான், வெந்தயம், கொஞ்சம் வறுத்த கச்சான் கடலை மணமும் இருக்கிறது என்றார். நான் மெதுவாக முகர்ந்தேன். வெந்தயம்தான். என் சமையலறையில் மூன்றாவது போத்தலில் இருக்கிற சாமான், வெளிநாட்டுப் பெயரோடு வந்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

இது என்ன என்று கேட்டார். பிரான்சிலிருந்து வந்த மருந்து என்றேன். மூன்றாவது பொய்.

அவர் கையில் ஒட்டின தூளைத் தட்டிக்கொண்டார். “அந்த மருந்துக்கு நண்டு ஆக்காதீங்க, டீச்சர். புளியும் மிளகும் அத அடிச்சிப்போட்டுரும். வெந்தயம் போட்டு, தேங்காப்பால்ல ஏதாவது செய்ங்க. தேசிக்காய் கடைசியா, அதுவும் ரெண்டு சொட்டுத்தான்.”

நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கைக்குட்டையை மட்டும் இனி மில்லுக்குள் கொண்டுவராதீர்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, என் மிளகாயை அரைக்கப் போட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

வெந்தயமும் தேங்காய்ப்பாலும் என்றால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சொதி. காலையில் இடியப்பத்துக்கு ஊற்றுகிற சொதி. காய்ச்சல்காரருக்கும் பல்லில்லாதவருக்கும் கொடுக்கிற சொதி. பாதி உலகம் தாண்டி வருகிற சம்பந்திக்கு அதையா வைப்பது?

மிச்சம் கிடந்த வைனோடு அன்று பின்னேரமே வைத்துப் பார்த்தேன். கொடுவா மீன், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், வழக்கத்தைவிட ஒரு பிடி கூட வெந்தயம், முதற்பால். கணவர் சொதியில் ஒரு வாய், வைனில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றி எடுத்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இன்னும் நாலு இடியப்பம் கேட்டார். பிறகு, நண்டு இல்லை என்று தீர்மானமாகிவிட்டதா என்று கவலையோடு விசாரித்தார்.

பெயர்கள்

திரும்பவும் அந்த ஞாயிறு. ஏழு மணிக்குத் திறந்த போத்தலை, ஈர மணல் போட்ட மண்பானைக்குள் இறக்கி வைத்தோம். பிரிட்ஜில் வைத்தால் மணம் செத்துவிடும், வெளியே வைத்தால் எங்கள் வெயிலில் கொதித்துவிடும். பானை என் கணவரின் யோசனை. சம்பந்தி அந்தப் பானையை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார்.

ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். இடியப்பம், கொடுவா மீன் சொதி, தேங்காய்ச் சம்பல் காரம் குறைத்து. சம்பந்தி இடியப்பத்தைக் கையால் பிசைய முயன்று, பாதியில் கரண்டிக்கு மாறினார். ஒரு வாய் சாப்பிட்டார். ஒரு மிடறு குடித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னவோ நீளமாகச் சொன்னார். நான் தாரணியைப் பார்த்தேன்.

இந்த வைனில் வெந்தய மணம் உண்டு என்று அவர்கள் ஊரில் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்களாம், தாரணி மொழிபெயர்த்தாள். அவரும் வருகிறவர்களுக்கு நாற்பது வருஷமாக அதையே சொல்லி வருகிறாராம். ஆனால் வெந்தயத்தைக் கண்ணால் கண்டதே இல்லையாம்.

நான் ஓடிப்போய் ஒரு கை வெந்தயம் அள்ளிவந்து அவர் உள்ளங்கையில் போட்டேன். அவர் அதை முகர்ந்தார், கிளாஸை முகர்ந்தார், திரும்ப உள்ளங்கையை முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சைப் பெறுபேறுக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம் நீடித்தது.

அவர் எழுந்து போய் மேல்மாடியிலிருந்து ஒரு கடதாசி உறை எடுத்துவந்தார். உள்ளே மூன்று தாள். கை வலிக்க வலிக்க எழுதின மாதிரி நிறையப் பெயர்கள், பக்கத்தில் கையெழுத்துகள். ஒரு தாயையும் தகப்பனையும் பிள்ளையின் கல்யாணத்துக்கு வரவிடாதது தங்கள் ஊருக்கே அவமானம் என்று எழுதி, கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். இது அதன் பிரதி, எங்களுக்காக. தபால் கொண்டுவருகிற பெண், பாண் சுடுகிறவர், பள்ளிக்கூட டீச்சர் என்று விரலால் காட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பெயரில் நின்றார்.

இந்த மனிதரோடு வேலிச் சண்டையில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். உங்களுக்காகத்தான் அவர் வாசல் மிதித்தேன் என்றார். அவரும் மறுக்காமல் போட்டுத் தந்தாராம்.

என் சாரிகளுக்கு அடியில் கிடந்த படிவம், நடுக்கூடத்தில் எல்லாரும் பார்க்க விரித்துக் கிடப்பது போல எனக்கு இருந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

“தாரணி, அவரிட்டச் சொல்லு புள்ள” என்றேன். “விசா ஒருத்தரும் மறுக்கல்ல. நான் படிவம் குடுக்கவே இல்ல. எனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கல்ல, அதான்.”

கணவரின் கை தட்டில் அப்படியே நின்றது. முதல் நாள் அந்த வைனைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார். தாரணி என்னைப் பார்க்கவில்லை. மூன்று தாளையும் ஓரம் பிசகாமல் மடித்து உறைக்குள் வைத்தாள். சம்பந்தி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அவள் அவர் பக்கம் திரும்பி, அமைதியாக ஏதோ சொன்னாள். நான் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது.

அவர் நெஞ்சில் கை வைத்தார். எழும்பி வந்து, ஒரு கிளாஸில் இரண்டு விரற்கடை ஊற்றி என் முன்னால் வைத்தார். நான் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. அன்றைக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இருக்கவில்லை. குடித்தேன். தொண்டை எரிந்தது, பிறகு வெந்தயம், பிறகு நெடுநேரத்துக்கு ஒரு கசப்பு. சொதியில் ஒரு வாய் எடுத்தேன். கசப்பு இறங்கியது. பொருத்தம் என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

குசினியில்

பாத்திரம் கழுவும்போது தாரணி பக்கத்தில் வந்து நின்றாள். அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“அம்மா ஊராக்கள் எல்லாருக்கும் நன்றி சொல்றா எண்டு சொன்னன். அந்த வேலிக்காரருக்கு விசேசமா எண்டும் சொன்னன்.”

நான் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

“இப்ப நானும் பொய்க்காரி, உங்களால. அங்க வந்து, அவருக்கு முன்னால இருந்து, உங்கட வாயால நீங்களே சொல்லுங்க. அவர்ர பாஷையில.”

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. பல்கனியில் உட்கார்ந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி, ஊருக்குப் புறப்படும்போது நீலத் தரை ஓடு மிகவும் வடிவு என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் மூன்று நாள் சைக்கிள் துடைத்தார்.

படம்

படிவத்தை நான்தான் கொடுக்கவில்லை என்கிற அந்தப் பிரெஞ்சு வசனத்தை நான் பாடமாக்கிவிட்டேன். தாரணி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள், நான் காலையில் பூ ஆயும்போது சொல்லிப் பழகினேன். என் கணவருக்கும் பாடம். அவர் உச்சரிப்பு என்னுடையதைவிடத் திருத்தம் என்று ஒரு நினைப்பு அவருக்கு.

பிறகு உண்மையாகவே விண்ணப்பித்தோம். ஓய்வூதியக் கடிதம், வீட்டு உறுதி, கிரான் வயலின் உறுதி, சம்பந்தியின் அழைப்பு எல்லாம் வைத்து, கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, நேரில் போய், விரலடையாளம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக நான் ஒரு படிவம் நிரப்பியதில்லை.

மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பி வருவேன் என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். மகள் வேறு வீட்டில் வாழப்போவதைத் தாங்கமாட்டாமல் அவள் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவளைப் பற்றித்தான் இப்படி எழுதியிருந்தார்கள்.

தாரணிக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். இந்தத் தரமாவது உண்மைதானா என்று அவள் கேட்கவில்லை. கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றாள்.

மேசையில் வைத்து, வெளிச்சம் விழ ஜன்னலைத் திறந்து, என் பெருவிரலும் தெரியப் படம் எடுத்து அனுப்பினேன். முத்திரையும் திகதியும் தெளிவாக விழுந்திருந்தன. பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது.

“பின்பக்கமும் அனுப்புங்க.”

கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.